தேதி போட்டாச்சா?

எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கு அறிவியல் கண்காட்சி வந்தாலும் முதலில் அடிப்பது என் போன்தான். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். சில பள்ளிகள் சேர்ந்து நடத்தும் கண்காட்சியின் பரிசீலனைக் குழுவிலும் உட்காருகிறேன். அதனால் "ஒரு நல்ல டாபிக் சொல்லேன்" என்று கேட்காத உறவினர் இல்லை. டாபிக் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. பிள்ளைக்குத் தோன்றாத கேள்வியைப் பெரியவர்கள் வாங்கிக் கொடுத்தால், நடுவர் முன் நிற்கும்போது இரண்டாவது நிமிடத்திலேயே அது தெரிந்துவிடும். நான் திருப்பிக் கேட்பது வேறு: "ஃபார்மில் தேதி போட்டாச்சா?"

பெரும்பாலோர் சிரிப்பார்கள். இன்னும் சோதனையே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் ஃபார்ம் எதற்கு என்பார்கள். சோதனை ஆரம்பிக்கவில்லை என்பதால்தான் கேட்கிறேன்.

ஐசெஃப் என்கிற சர்வதேச அறிவியல், பொறியியல் கண்காட்சியைப் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். 1950-இல் ஃபிலடெல்ஃபியாவில் தேசியக் கண்காட்சியாக ஆரம்பித்தது, 1958-இல் சர்வதேசக் கண்காட்சியானது. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு. அதோடு இணைந்த உள்ளூர், வட்டார, தேசியக் கண்காட்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன. கீழே ஜெயிப்பவர் மேலே போகக்கூடும் என்பதால் கீழ்மட்டத்திலேயே அதே விதிப்புத்தகம், அதே படிவங்கள். பள்ளி அரங்கத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் நிற்கப்போகிற பெண்ணும் அதே 1, 1ஏ, 1பி படிவங்களைத்தான் நிரப்புகிறாள். இது கொடுமை என்று புலம்பும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தாள்களை ஒழுங்காக நிரப்பும் பிள்ளைக்குப் பாதிச் சோதனை அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த வருடம் என் அண்ணன் மகள் விஷயத்தில் அதை அருகிலிருந்து பார்த்தேன்.

அவள் பதினோராம் வகுப்பு. ஒருநாள் ராத்திரி போன் பண்ணி மூச்சுவிடாமல் சொன்னாள். "அத்தை, எங்க கிளாஸ்ல எல்லாரோட தண்ணி பாட்டிலையும் துடைச்சு எடுத்து, வீட்ல பிளேட்ல வளர்க்கப் போறேன். யார் பாட்டில்ல பாக்டீரியா அதிகம்னு பாக்கலாம். எத்தனை நாளுக்கு ஒருதடவை கழுவுறீங்க, எதால கழுவுறீங்கன்னு ஒரு சர்வேயும் எடுக்கப் போறேன். சூப்பர்ல?"

சூப்பர்தான். ஆனால் பரிசீலனைக் குழுவில் உட்கார்ந்து பழகிய காதுக்கு அந்த நாலு வாக்கியத்தில் மூன்று மணி அடித்தது.

முதல் மணி, "வீட்ல வளர்க்கப் போறேன்". நுண்ணுயிர் வளர்ப்பு வீட்டில் கூடவே கூடாது என்கிறது விதி. ஆபத்தில்லாதது என்று நாம் நினைக்கும் வகையாக இருந்தாலும் கூடாது. மாதிரியை வீட்டில் எடுக்கலாம். எடுத்த கையோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காரணம் எளிது. பாட்டில் வாயிலிருந்து எடுத்த குச்சியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத சிலவற்றை, அவற்றுக்குப் பிடித்த சாப்பாட்டைப் போட்டு, கோடிக்கணக்கில் பெருக்கி, சமையலறை அலமாரியில் வைக்கிறோம். பள்ளி ஆய்வகத்தில், பயிற்சி உள்ள ஒருவர் மேற்பார்வையில் செய்யலாம். அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு: என்னவென்று தெரியாத நுண்ணுயிர் வளர்ந்த தட்டைத் திறக்கக் கூடாது. மூடியது மூடியபடியே இருந்து, மூடியபடியே அழிக்கப்பட வேண்டும். திறந்து இன்னொரு தட்டுக்கு மாற்ற ஆசைப்பட்டால் அது அடுத்த பாதுகாப்பு நிலை; அந்த வசதி பள்ளியில் பொதுவாக இருக்காது.

இரண்டாவது மணி, "சர்வே". பல பிள்ளைகள் இங்கேதான் விழுகிறார்கள். ஊசி குத்தினால்தான் மனிதர் மேல் செய்யும் சோதனை என்று நினைக்கிறார்கள். வகுப்புத் தோழியிடம் ஒரு தாளைக் கொடுத்து நாலு கேள்வி கேட்டாலும் அது மனிதர் பங்கேற்கும் ஆய்வுதான்.  தன்னையே வைத்துப் பார்த்தாலும் அதே கதை. கேள்வியைக் கேட்பதற்கு முன்பே ஐ.ஆர்.பி. என்கிற ஆய்வு நெறிமுறைக் குழு அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். குறைந்தது மூன்று பேர்: ஒரு ஆசிரியர், ஒரு பள்ளி நிர்வாகி, உடல்நலமோ மனநலமோ தெரிந்த ஒரு தொழில்முறையாளர். மாணவரின் வழிகாட்டி ஆசிரியரும் பெற்றோரும் உறவினரும் அதில் இருக்க முடியாது. ஆக, அத்தை வெளியே.

மூன்றாவது மணிதான் நுணுக்கமானது. பாட்டில் வாயில் எச்சில் இருக்கும். உடல் திரவம் இன்னாருடையது என்று அடையாளம் காணும்படி இருந்தால், அதற்கும் சம்மதமும் குழு ஒப்புதலும் தேவை. "யார் பாட்டில்ல அதிகம்" என்பது அவளுடைய கேள்வி. அந்த "யார்" தான் சிக்கல். விதியை விடுங்கள், மனுஷத்தனமாக யோசித்தாலே சரியில்லை. ஒரு பெண்ணின் பாட்டில்தான் வகுப்பிலேயே அசுத்தம் என்று ஒரு வரைபடம் சொன்னால், வருடம் முழுக்க அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

இதையெல்லாம் சொன்னதும் எதிர்முனையில் கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு, "பாட்டில் கழுவுறியான்னு கேக்க மூணு பேர் கையெழுத்தா அத்தை? இது ஓவர்."

நியாயமான எரிச்சல். இந்த இடத்தில் நான் எப்போதும் ஒரு கதை சொல்வேன், அவளிடமும் சொன்னேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊர். 1932-இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பாலியல் நோய். அவர்களிடம் நோயின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. 1940-களின் நடுவில் பெனிசிலின் அந்த நோய்க்கு மருந்தாகிவிட்டது. கொடுக்கவில்லை. நோய் தன் போக்கில் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள், 1972 வரை. செய்தித்தாளில் வெளிவந்த பிறகுதான் நின்றது. 1974-இல் மனிதர் மேல் செய்யும் ஆய்வுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, 1979-இல் அவற்றுக்கான நெறிகளைச் சொல்லும் பெல்மான்ட் அறிக்கை வந்தது. அதற்கும் முன்பு, நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணையை ஒட்டி 1947-இல் வந்த நியூரம்பெர்க் நெறிமுறையின் முதல் வரியே பங்கேற்பவரின் சுயவிருப்பச் சம்மதம் பற்றித்தான் பேசுகிறது. இன்று ஒரு மாணவி தோழியிடம் கேள்வித்தாளை நீட்டும்போது, "விருப்பம் இல்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி அச்சடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அந்த ஒரு வரி இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது.

"சரி, சரி" என்றாள். பதினாறு வயதுக்காரியிடமிருந்து அது பெரிய விட்டுக்கொடுத்தல்.

அடுத்த வாரம் கேள்வித்தாளின் வரைவை அனுப்பினாள். எட்டுக் கேள்விகள். எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள், எதால், பாட்டில் எதால் செய்தது, தண்ணீர் தவிர வேறென்ன ஊற்றுவீர்கள், யாருடனாவது பகிர்ந்து குடிப்பீர்களா, சமீபத்தில் உடம்புக்கு வந்ததா... மனிதர் பங்கேற்புக்கு 4-ஆம் எண் படிவம். அதோடு இணைக்கும் தாள்களில் பங்கேற்பவருக்கு என்ன ஆபத்து, என்ன பயன், தகவலை எப்படி ரகசியமாக வைப்பாய் என்றெல்லாம் எழுத வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் "இந்தப் பதிலை வைத்து நான் என்ன செய்வேன்?" என்று ஒரு வரி எழுதிப் பார் என்று மட்டும் சொன்னேன். உடம்புக்கு வந்ததா என்ற கேள்வி முதலில் போனது. அது நோய் பற்றிய அந்தரங்கத் தகவல், அதை வைத்துச் செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை. பகிர்ந்து குடிப்பது போனது. பாட்டில் எதால் செய்தது என்று கேட்க வேண்டியதே இல்லை, கண்ணாலேயே தெரியும். கடைசியில் ஒரே கேள்விதான் மிச்சம்: கடைசியாகக் கழுவி எத்தனை நாள் ஆகிறது?

அந்த ஒரு கேள்வி தனியாக நின்றதும் அவளுக்கே வேறொன்று உறைத்தது. எல்லோரும் வேறுவேறு விதமாகக் கழுவுகிறார்கள், வேறுவேறு பாட்டில், வேறுவேறு வாய். இதில் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. "அப்போ அதே பாட்டிலை அதுகூடவே கம்பேர் பண்ணா?" என்று கேட்டாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கழுவுவதற்கு முன் வாய்விளிம்பின் ஒரு பாதியில் துடைத்தெடுப்பது. அதே பாட்டிலைக் கழுவிய பின் மறுபாதியில் துடைத்தெடுப்பது. கழுவும் முறை மூன்று: வெறும் தண்ணீரில் அலசுவது, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவது, சோப்போடு பிரஷ் போட்டுத் தேய்ப்பது. எந்த பாட்டிலுக்கு எந்த முறை என்று சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வது. பாட்டிலுக்கு எண், ஆளுக்குப் பெயரில்லை. "யார் பாட்டில் அசுத்தம்" என்ற வம்பு "எந்தக் கழுவல் எவ்வளவு குறைக்கிறது" என்ற அறிவியல் கேள்வியாக மாறிவிட்டது. இதை நான் சொல்லித் தரவில்லை, அவளுடைய ஆசிரியரும் சொல்லித் தரவில்லை. 4-ஆம் எண் படிவத்தையும் அதோடு சேர்ந்த தாள்களையும் நிரப்ப முடியாமல் திணறியதில் வந்தது.

பிறகு ஆய்வுத் திட்டம். படிவங்களில் இதுதான் உயிர்நாடி. ஏன் இந்த ஆய்வு, கேள்வி என்ன, கருதுகோள் என்ன, செய்முறை என்ன, ஆபத்து என்ன, அதை எப்படிக் கையாள்வாய், வரும் எண்களை எந்த முறையில் அலசுவாய், முக்கியமான ஆதாரங்கள். எல்லாம் சோதனைக்கு முன்பே, "செய்வேன்" என்ற நடையில். பிள்ளைகள் எதை எழுதினாலும் "எண்களை அலசும் முறை" என்ற பகுதியில் "வரைபடம் வரைவேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டு நழுவுவார்கள். நான் அங்கேதான் பிடிப்பேன். எந்த எண்ணை எதிலிருந்து கழிப்பாய்? எத்தனை பாட்டிலுக்கு ஒரு முறை? ஒரு தட்டில் எண்ணவே முடியாத அளவு வளர்ந்துவிட்டால் அந்தப் பாட்டிலை என்ன செய்வாய்? சோதனை முடிந்த பிறகு இதை முடிவுசெய்தால், கை தானாகவே நமக்குப் பிடித்த விடையின் பக்கம் சாயும். நல்ல பிள்ளைகளுக்கும் சாயும், பெரிய விஞ்ஞானிகளுக்கும் சாயும். மருத்துவ உலகம் இதில் சூடுபட்டுத்தான், முன்கூட்டியே பொதுவில் பதிவுசெய்யாத மருந்துச் சோதனையை வெளியிடமாட்டோம் என்று முக்கிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2005-இலிருந்து நிபந்தனை வைத்தார்கள். பள்ளிப் பிள்ளையின் ஆய்வுத் திட்டமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இவளுடைய ஜோடி எண்களுக்கு வில்காக்ஸன் சோதனை பொருந்தும் என்று அவள் ஆசிரியர் சொல்லியிருந்தார். ஒரே பாட்டிலின் முன்-பின் வித்தியாசங்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தி, கூடியதும் குறைந்ததும் எவ்வளவு என்று பார்க்கும் முறை, 1945-இல் வந்தது. கணக்கு சுலபம், கையாலேயே போடலாம். ஒரேயொரு பாட்டில் எக்கச்சக்கமாகக் காட்டினாலும் மொத்த முடிவையும் அது இழுத்துக்கொண்டு போகாது.

இப்போது தேதி. நான் இவ்வளவு முரட்டுத்தனமாகத் தேதி கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை பரிசீலனைக்கு ஒரு பையனுடைய ஆய்வு வந்தது. தூக்கமும் ஞாபகசக்தியும் பற்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வருடம் நான் படித்ததிலேயே சுத்தமான வேலை. வார்த்தைப் பட்டியல்களைச் சம கடினமாக அமைத்திருந்தான், வரிசையை மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தான், திருத்துபவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. சம்மதப் படிவங்களும் இருந்தன, எல்லாக் கையெழுத்தும் இருந்தது. ஆனால் குழு ஒப்புதலின் தேதி, அவனுடைய குறிப்பேட்டில் முதல் தேர்வு நடந்த தேதிக்குப் பின்னால் விழுந்திருந்தது. "எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துக் கடைசில கையெழுத்து வாங்கிக்கலாம்" என்று யாரோ பெரியவர் சொல்லியிருக்கிறார். அறையில் இருந்த எங்களுக்கு அவனை அனுப்பவே ஆசை. வழியில்லை. தேதியை மாற்றி எழுதிக் கொண்டுவந்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். அவன் மாற்றவில்லை. அந்த நேர்மைக்கு மதிப்பெண் போட எங்கள் தாளில் இடமில்லை என்பது இன்னமும் உறுத்துகிறது.

1பி படிவத்தை எடுத்துப் பாருங்கள், புரியும். மாணவர், பெற்றோர் கையெழுத்து ஒரு பகுதி. முன்ஒப்புதல் தேவைப்படும் ஆய்வுகளுக்குக் குழுவின் கையெழுத்து இன்னொரு பகுதி; அது சோதனைக்கு முன்னால். எல்லாம் முடிந்து போட்டிக்குச் சற்று முன்பு மறுபடி பார்த்துப் போடும் இறுதிக் கையெழுத்து வேறொரு பகுதி. ஒரே தாளில் மூன்று வெவ்வேறு காலம். அதை ஒரே நாளில் ஒரே பேனாவால் நிரப்பினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். 1ஏ படிவத்தில் சோதனை ஆரம்பித்த தேதி, முடித்த தேதி எழுதுவார்கள். அதையும் குறிப்பேட்டையும் 1பி-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பரிசீலனைக் குழுவின் முதல் வேலை. ஒரு வருடத்து ஆய்வு இடைவிடாமல் 12 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதையும் அங்கேயே பார்த்துவிடுவோம்.

மற்ற படிவங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முதலாவது வழிகாட்டி ஆசிரியருக்கு. ஆபத்தான வேதிப்பொருளோ கருவியோ இருந்தால் 3. முதுகெலும்புள்ள விலங்கு என்றால் 5, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். நுண்ணுயிர் என்றால் 6ஏ. எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாவிட்டால், நடத்தும் அமைப்பின் இணையதளத்தில் கேள்வி கேட்டுக் கேட்டுப் பட்டியல் கொடுக்கும் ஒரு வசதி இருக்கிறது. விதிப்புத்தகம் ஆண்டுதோறும் கொஞ்சம் மாறும். அக்கா பையன் போன தடவை நிரப்பியதைப் பார்த்து எழுதாதீர்கள்.

ஒப்புதல் வந்த பிறகுதான் ஆய்வகக் கதவு திறந்தது. நான் போகவில்லை, போகவும் கூடாது. அவள் ஆசிரியர்தான் மேற்பார்வை. ராத்திரிகளில் போனில் கேட்டதுதான். முதலில் அவளுக்கு அலுத்துப்போன விஷயம், எதுவும் துடைக்காமல் அகார் என்கிற வளர்ப்புக் கூழை ஊற்றி மூடிவைத்த வெற்றுத் தட்டுகள். "சும்மா இருக்கிற தட்டை எதுக்கு அத்தை தினமும் பாத்து எழுதணும்?" அதில் ஏதாவது முளைத்தால் மற்ற தட்டுகளில் முளைத்ததும் பாட்டிலிலிருந்து வந்ததுதானா என்ற சந்தேகம் வரும், அதற்குத்தான். கிருமி நீக்கிய குச்சியைக் கிருமி நீக்கிய தண்ணீரில் நனைத்துத் தேய்த்த தட்டுகளும் அப்படியே.

சிக்கல் எண்ணும்போது வந்தது. குச்சியை நேராகத் தட்டில் தேய்த்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பூச்சாகிவிடுகிறது. முன்னோட்டமாகச் செய்த தட்டுகளிலேயே அது தெரிந்ததால், குச்சியை முதலில் கிருமி நீக்கிய நீரில் கலக்கி, அதைப் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று நீர்த்து ஊற்றினாள். ஒரு தட்டில் 30-லிருந்து 300 வரை புள்ளிகள் இருந்தால்தான் எண்ணிக்கையை நம்பலாம் என்பது நுண்ணுயிரியலில் பழைய வழக்கம். அதற்குக் குறைந்தால் தற்செயல் ஆடும், கூடினால் கண் ஏமாறும். செய்முறையில் இந்த மாற்றம் வந்ததும் நேராக ஆசிரியரிடம் போய், குழுவுக்கும் தெரிவித்து, எழுதிவைத்த பிறகுதான் மேலே போனாள். மூடிய தட்டைத் தலைகீழாக வைத்து, அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாளாம். எது முன், எது பின் என்று தெரியாமல் எண்ண வேண்டும் என்று தோழி ஒருத்தியை விட்டுத் தட்டுகளுக்கு ரகசிய எண் ஒட்டவைத்தது அவள் யோசனை. எனக்கு அதில்தான் ரொம்பப் பெருமை.

குறிப்பேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தைத்த நோட்டு, பக்கத்துக்கு எண், பேனா. தப்பானால் ஒற்றைக் கோடு, அழிப்பான் கிடையாது. தனித்தாளில் எழுதிப் பிறகு நகலெடுக்கிறேன் என்று சொல்லும் அழகுணர்ச்சிக்காரர்களை நான் நம்புவதில்லை. கறைபடிந்து, கோணல்மாணலாக, ஓரத்தில் "இன்னிக்கு பவர் கட், இன்குபேட்டர் நின்னுடுச்சு" என்று எழுதியிருக்கும் நோட்டுதான் நடுவர் விரும்பிப் புரட்டும் நோட்டு.

முடிவு அவள் நினைத்தபடி வரவில்லை. சோப்போடு தேய்த்ததில் நன்றாகக் குறைந்தது, அது எதிர்பார்த்தது. வெறும் தண்ணீரில் அலசியவற்றில் சில பாட்டில்களில் கழுவிய பின் எண்ணிக்கை கூடியிருந்தது. அழாத குறை. "எல்லாம் கெட்டுப்போச்சு, அந்தப் பாட்டில்களை மட்டும் எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். உன் ஆய்வுத் திட்டத்தில் எந்தெந்தக் காரணத்துக்குப் பாட்டிலை நீக்குவேன் என்று எழுதியிருக்கிறாய், எடுத்துப் படி என்றேன். தட்டு உடைந்தால், வெற்றுத் தட்டில் வளர்ந்தால், நீர்த்த பிறகும் எண்ண முடியாவிட்டால். "விடை பிடிக்காவிட்டால்" என்று எங்கும் இல்லை. வைத்துக்கொண்டாள்.

வைத்துக்கொண்டதால்தான் சுவாரசியமானது. பாட்டில் விளிம்பில் நுண்ணுயிர்கள் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. பிசுபிசுப்பான ஒரு படலத்தைத் தாங்களே சுரந்து, அதற்குள் ஒட்டிக்கொண்டு வாழும். பயோஃபிலிம் என்பார்கள். தண்ணீர் அந்தப் படலத்தை அகற்றாமல் இளக்கி மட்டும் விட்டிருக்கலாம், அதனால் இரண்டாவது குச்சியில் அதிகம் ஒட்டியிருக்கலாம். விளிம்பின் இரு பாதியும் முதலிலேயே ஒன்றாக இல்லாமலும் இருந்திருக்கலாம். வாய் வைக்கும் பக்கம் என்று ஒன்று பலருக்கு உண்டு. இரண்டில் எது என்று அவளுடைய சோதனையால் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்று அப்படியே போஸ்டரில் எழுதினாள்.

தட்டுகளை அழித்ததையும் எழுத வேண்டும், பலர் விட்டுவிடுவார்கள். ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் 121 டிகிரி நீராவி. அது இல்லாத பள்ளியில் பிளீச் கரைசல். எது என்று திட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

250 சொல்லுக்குள் சுருக்கம் எழுதுவது அவளுக்குச் சோதனையைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் வரைவில் தண்ணீரின் முக்கியத்துவம் பற்றியே பாதி போய்விட்டது. அதை மொத்தமாக அடித்ததும் மிச்சம் தானாக அடங்கியது. போஸ்டரைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. தட்டையோ பாட்டில் தண்ணீரையோ மேசையில் வைக்க முடியாது. உயிருள்ளது, மண், உணவு, திரவம் எதற்கும் அனுமதி கிடையாது. புகைப்படம்தான், ஒவ்வொன்றின் கீழும் யார் எடுத்தது என்ற வரியோடு. ஐசெஃப் மதிப்பெண் தாளில் நூற்றுக்கு 10 தான் போஸ்டருக்கு. நேர்முகத்துக்கு 25. மினுமினுக்கும் தாள் வாங்கும் நேரத்தில், பிள்ளையை எதிரே உட்காரவைத்து "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று பத்துத் தடவை கேளுங்கள்.

அவளிடம் ஒரு நடுவர் கேட்டது, "தண்ணீரில் அலசியதில் சிலவற்றில் கூடியிருக்கிறதே, தப்பு செய்துவிட்டாயா?" இவள் நோட்டைத் திறந்து, நீக்கும் காரணங்களைத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதியிருந்த பக்கத்தையும் ஒப்புதல் தேதியையும் காட்டியிருக்கிறாள். பிறகு பயோஃபிலிம் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம், நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை. பரிசு எதுவும் பெரிதாக இல்லை. அண்ணிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த வருடம் அதே விஷயத்தைத் தொடர ஆசைப்படுகிறாள், விளிம்பின் இரு பாதியையும் முதலிலேயே அளந்து பார்க்க வேண்டுமாம். தொடர் ஆய்வு என்றால் 7-ஆம் எண் படிவம்: போன வருடம் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வரிவரியாகக் காட்ட வேண்டும், பழைய சுருக்கத்தையும் ஆய்வுத் திட்டத்தையும் இணைக்க வேண்டும், மற்ற எல்லாப் படிவமும் புதிதாக, புதுத் தேதியோடு. பட்டியலைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"கணக்குல ப்ராஜெக்ட் பண்ணா ஃபார்ம் கம்மிதானே அத்தை?"

கம்மிதான். ஆனால் 1, 1ஏ, 1பி, ஆய்வுத் திட்டம், அது நாலும் அதற்கும் உண்டு என்று சொன்னேன்.